அமெரிக்காவில் ஃபுட் சேஃப்டி மேனேஜர் சான்றிதழ்: ஆன்லைனில் படித்து வாங்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டெக்ஸஸ், நியூஜெர்சி, கலிஃபோர்னியா என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் கேட்டரிங் ஆரம்பிக்கிறார், அல்லது இருக்கிற டிஃபின் கடையை விலைக்கு வாங்குகிறார். ஹெல்த் டிபார்ட்மென்ட் படிவத்தில் "சான்றிதழ் பெற்ற மேனேஜர் யார்?" என்ற கட்டம் வரும்போதுதான் கேள்விகள் தொடங்கும். அப்படிக் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள் இவை. நான் வக்கீல் இல்லை, சமையலறையில் வேலை பார்ப்பவன். உங்கள் கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) சொல்வதுதான் கடைசி வார்த்தை.

என்னிடம் ஃபுட் ஹேண்ட்லர் கார்டு இருக்கிறது. அதுவே போதாதா?

போதாது. இரண்டும் வேறு வேறு. ஹேண்ட்லர் கார்டு என்பது காய் நறுக்குபவர், பரிமாறுபவர், பாத்திரம் கழுவுபவர் எல்லோருக்கும் உரியது. ஒன்றிரண்டு மணி நேரம் வீடியோ பார்த்து, கடைசியில் சின்னதாக ஒரு தேர்வு எழுதி, அப்போதே பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். மேனேஜர் சான்றிதழுக்கு மேற்பார்வையோடு நடக்கும் ஒரு தேர்வில் தேற வேண்டும். பத்து டாலருக்கு ஒரு மணி நேரத்தில் மேனேஜர் சான்றிதழ் கிடைத்துவிட்டது என்று யாராவது சொன்னால், அவர் கையில் இருப்பது பெரும்பாலும் ஹேண்ட்லர் கார்டாகத்தான் இருக்கும்.

இதை யார் கட்டாயமாக்கியிருக்கிறார்கள்? எஃப்டிஏவா?

நேரடியாக இல்லை. அமெரிக்க மத்திய அரசின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ வெளியிடும் ஃபுட் கோட் ஒரு முன்மாதிரி விதித்தொகுப்பு மட்டுமே. மாநிலமோ கவுண்டியோ அதை ஏற்றுக்கொண்டால்தான் அது சட்டம். எல்லோரும் ஒரே பதிப்பை ஏற்பதும் இல்லை. ஒரு மாநிலம் 2022 பதிப்பில் இருக்கும், பக்கத்து மாநிலம் இன்னும் 2013-இலேயே நிற்கும். முன்பெல்லாம் கடைக்கு ஒருவர் சான்றிதழ் வைத்திருந்தால் போதும் என்ற அளவில் இருந்த ஃபுட் கோட், 2017 பதிப்பிலிருந்து அந்த நேரத்தில் பொறுப்பில் இருப்பவரே சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும் என்கிறது. அதாவது காலை ஷிஃப்டுக்கு ஒருவர், மாலைக்கு ஒருவர் என்று ஆகலாம்.

கலிஃபோர்னியாவில் கடைக்கு ஒருவர் இருந்தால் போதும், அவர் எந்நேரமும் கடையிலேயே இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதே ஆளை இரண்டு கடைக்கும் கணக்குக் காட்ட முடியாது. புதிதாகத் திறந்தாலோ, சான்றிதழ் வைத்திருந்தவர் வேலையை விட்டுப் போனாலோ 60 நாள் அவகாசம் உண்டு. ஃப்ளோரிடாவில் மேனேஜர் வேலைக்குச் சேர்ந்து 30 நாளுக்குள் தேற வேண்டும். நியூயார்க் நகரம் தனி ராஜ்ஜியம், அதைக் கீழே சொல்கிறேன்.

பணம் கட்டும் முன் உங்கள் கவுண்டி ஹெல்த் டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, எந்தத் தேர்வை ஏற்பீர்கள், தேறிய பிறகு உங்களிடம் தனியாகப் பதிவு செய்ய வேண்டுமா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். சில இடங்களில் தேறியவுடன் வேலை முடிந்தது. வேறு சில இடங்களில் அந்தச் சான்றிதழைக் காட்டி, தனிக் கட்டணம் கட்டி உள்ளூர் அட்டை ஒன்றும் வாங்க வேண்டும்.

எந்த கம்பெனி சான்றிதழ் செல்லும்?

கம்பெனி பெயரைவிட அங்கீகாரத்தைப் பாருங்கள். ஏஎன்ஏபி என்ற அமைப்பு, கான்ஃபரன்ஸ் ஃபார் ஃபுட் புரொடெக்‌ஷன் என்ற இன்னொரு அமைப்பு வகுத்த தரத்தின்படி இந்தத் தேர்வுகளுக்கு அங்கீகாரம் தருகிறது. பெரும்பாலான மாநிலங்கள் இந்த அங்கீகாரம் இருந்தால் ஏற்றுக்கொள்ளும். எல்லோருக்கும் தெரிந்த பெயர் சர்வ்சேஃப், அது நேஷனல் ரெஸ்டாரன்ட் அசோசியேஷனுடையது. அதைத் தவிர நேஷனல் ரெஜிஸ்ட்ரி, ஸ்டேட்ஃபுட்சேஃப்டி, 360 டிரெய்னிங் போன்றவையும் உண்டு. அங்கீகாரம் பெற்றவர்கள் பட்டியல் ஏஎன்ஏபி தளத்திலேயே இருக்கிறது, விளம்பரத்தில் போடும் முத்திரையை நம்பாமல் அங்கே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சர்வ்சேஃப்தான் உசத்தி, மற்றது மட்டம் என்று இன்ஸ்பெக்டர் யாரும் பார்ப்பதில்லை.

வீட்டில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் முடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் "ஆன்லைன் கோர்ஸ் முடித்துவிட்டேன்" என்பதும் "சான்றிதழ் வாங்கிவிட்டேன்" என்பதும் ஒன்றில்லை. கோர்ஸ் முடிந்ததும் அழகான பார்டர் போட்ட ஒரு தாள் வரும். அது பயிற்சி முடித்ததற்கான தாள், இன்ஸ்பெக்டரிடம் செல்லாது. தேர்வு தனி. அதை ஒரு பிராக்டர், அதாவது தேர்வு மேற்பார்வையாளர், முன்னிலையில் எழுத வேண்டும். நேரில் ஒரு மையத்துக்குப் போய் எழுதலாம், அல்லது வெப்கேம் வழியாக ஒருவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வீட்டிலிருந்தே எழுதலாம். வாங்கும்போது விலைப்பட்டியலில் மூன்று விஷயம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்: கோர்ஸ், தேர்வு, பிராக்டர் கட்டணம். மூன்றாவதைத்தான் பல தளங்கள் கடைசிப் பக்கத்தில் சேர்க்கும்.

நியூயார்க் நகரத்தில் கடை என்றால் இந்த வழி உதவாது. அங்கே நகரத்தின் சொந்த ஃபுட் புரொடெக்‌ஷன் சான்றிதழ்தான் வேண்டும், சர்வ்சேஃப் அதற்கு ஈடாகாது. பாடத்தை நகர நிர்வாகமே ஆன்லைனில் இலவசமாக வைத்திருக்கிறது. தேர்வை மட்டும் நேரில் போய் எழுத வேண்டும்.

வெப்கேம் தேர்வில் என்னவெல்லாம் பார்ப்பார்கள்?

புகைப்படம் உள்ள அடையாள அட்டை, காலியான மேசை, மூடிய கதவு. கேமராவைச் சுற்றித் திருப்பி அறையைக் காட்டச் சொல்வார்கள். நடுவில் குழந்தை ஓடி வந்தாலோ, மாமியார் காபி கொண்டுவந்து வைத்தாலோ தேர்வை நிறுத்த அவர்களுக்கு உரிமை உண்டு. வீட்டில் எல்லோருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கேள்வியை வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும், உதடு அசைந்தால்கூட எச்சரிக்கை வரும். பதிவு செய்த பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியலோடு வாழும் நமக்கு இது ஒரு தலைவலி, பாஸ்போர்ட்டிலோ லைசென்ஸிலோ உள்ளபடியே பதிவு செய்யுங்கள்.

தேர்வு எப்படி இருக்கும்? தோற்றால்?

சர்வ்சேஃபில் 90 கேள்விகள், எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. அதில் 80-க்குத்தான் மதிப்பெண். மீதி 10 அவர்கள் சோதனைக்காகப் போடும் கேள்விகள், எது எது என்று நமக்குத் தெரியாது. நேரம் 2 மணி. 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. தோற்றால் 30 நாளுக்குள் இன்னொரு தடவை எழுதலாம்; அதிலும் போனால் 60 நாள் காத்திருக்க வேண்டும், 12 மாதத்தில் நான்கு தடவைக்கு மேல் முடியாது. ஒவ்வொரு தடவையும் பணம் கட்ட வேண்டும்.

தமிழில் எழுத முடியுமா?

முடியாது. ஆங்கிலம், ஸ்பானிஷ், சீனம் போன்ற சில மொழிகள்தான். ஊரில் முப்பது வருஷம் கல்யாணச் சமையல் செய்த மாஸ்டர் ஒருவருக்கு இதில் தெரியாதது குறைவுதான், ஆனால் கேள்வியின் ஆங்கிலம் அவரை வீழ்த்திவிடும், அது நியாயமில்லை என்பதே என் எண்ணம். நடைமுறையில் நான் சொல்லும் வழி இது: பாடத்தைத் தமிழில் பேசிப் புரிந்துகொண்டு, அப்புறம் மாதிரிக் கேள்விகளை ஆங்கிலத்திலேயே திரும்பத் திரும்பப் போடுவது. ஒரே வகையான வாக்கியங்கள்தான் மறுபடி மறுபடி வரும். "முதலில் என்ன செய்ய வேண்டும்", "எதைச் செய்யக் கூடாது" என்ற இரண்டு வகைக் கேள்விகளில்தான் ஆள் விழுவது, அந்த முதலிலும் கூடாதும் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பதிலுக்குப் போனாலே பாதி வேலை முடிந்தது.

கோர்ஸ் வாங்கியே ஆக வேண்டுமா?

பல இடங்களில் தேர்வுதான் கட்டாயம், கோர்ஸ் இல்லை. சமையலறை அனுபவம் உள்ளவர், ஆங்கிலம் சரளமாகப் படிப்பவர் என்றால் தேர்வை மட்டும் வாங்கிக்கொண்டு, எஃப்டிஏ தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஃபுட் கோடின் மூன்றாம் அத்தியாயத்தை ஊன்றிப் படித்தால் போதும். ஐ.டி. வேலையிலிருந்து நேராகக் கடை வைக்க வருபவர்கள் கோர்ஸையும் சேர்த்தே வாங்குங்கள்.

எந்தெந்த எண்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும்?

ஃபாரன்ஹீட்டில் சொல்கிறேன், தேர்வும் அதில்தான். 41-க்கும் 135-க்கும் இடைப்பட்டது பாக்டீரியா பெருகும் ஆபத்து மண்டலம். குளிர்ந்த உணவு 41 அல்லது அதற்குக் கீழே, சூடான உணவு 135 அல்லது அதற்கு மேலே. கோழி 165, கொத்துக்கறி 155, மீனும் உடனே பரிமாறும் முட்டையும் 145. ஆறிய உணவைத் திரும்பச் சூடாக்கிப் பரிமாறும் இடத்தில் வைப்பதென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் 165-ஐத் தொட வேண்டும். செய்து ஃபிரிட்ஜில் வைத்த உணவுக்குத் தேதி ஒட்ட வேண்டும், செய்த நாளையும் சேர்த்து 7 நாள். கை கழுவ 20 விநாடி. தெர்மாமீட்டரைச் சரிபார்க்க ஐஸ் தண்ணீரில் 32 காட்ட வேண்டும்.

ஃபிரிட்ஜில் எது மேலே எது கீழே என்ற கேள்வி கண்டிப்பாக வரும். அப்படியே சாப்பிடும் பொருள் எல்லாவற்றுக்கும் மேலே, பச்சைக் கோழி அடித்தட்டில். எதை அதிகச் சூட்டில் சமைக்க வேண்டுமோ அது கீழே, ஏனென்றால் அதன் நீர் சொட்டினால் மற்றதெல்லாம் கெடும்.

சாம்பாரைத்தான் நன்றாகக் கொதிக்க வைக்கிறோமே, அதில் என்ன ஆபத்து?

கொதிப்பதில் ஆபத்தில்லை, ஆறுவதில்தான். நம் சமையலுக்கு இந்தத் தேர்வில் மிக முக்கியமான பகுதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், கோழி வெப்பநிலையைக்கூட இல்லை. சில பாக்டீரியாக்கள் வித்துகளாக மாறி, கொதிநிலையையும் தாங்கிக்கொண்டு அப்படியே கிடக்கும். அடுப்பை அணைத்து, பெரிய அண்டாவை மூடி வைத்துவிட்டால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும், அந்த வெதுவெதுப்பில்தான் வித்து முளைத்துப் பெருகும். கெட்டியான பருப்பு, குருமா, கறிக்குழம்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

விதி இரண்டு கட்டம். 135-இலிருந்து 70-க்கு இரண்டு மணி நேரத்துக்குள் வர வேண்டும். அப்புறம் 41-க்கு வர, மொத்தமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. முதல் கட்டம் ஏன் இவ்வளவு இறுக்கம் என்றால் அந்தச் சூட்டில்தான் வளர்ச்சி வேகமாக இருக்கும். இரண்டு மணி நேரத்தில் 70-க்கு வரவில்லையா, உடனே 165-க்குச் சூடாக்கி மறுபடி ஆற்றத் தொடங்க வேண்டும், இல்லையென்றால் கொட்ட வேண்டும். நாற்பது லிட்டர் சாம்பாரை அண்டாவோடு ஃபிரிட்ஜில் தள்ளினால் இது நடக்கவே நடக்காது, பக்கத்தில் இருக்கும் பாலும் சேர்ந்து சூடாகும். ஆழம் குறைந்த தட்டுகளில் ஊற்றுங்கள், சிங்க்கில் ஐஸ் தண்ணீர் நிரப்பிப் பாத்திரத்தை அதில் இறக்கிக் கிளறுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பி உறையவைத்த ஐஸ் துடுப்பை உள்ளே விட்டுக் கலக்குங்கள். செய்முறையே அனுமதித்தால் கெட்டியாகச் சமைத்துவிட்டுக் கடைசித் தண்ணீரை ஐஸாகப் போடலாம், கேட்டரிங்காரர்கள் பலர் செய்வது அதுதான்.

மிஞ்சின சாதத்தைத் திரும்பச் சூடாக்கினால் சரியாகிவிடாதா?

எல்லா நேரமும் சரியாகாது. சாதத்தில் வளரும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா வாந்தியை உண்டாக்கும் ஒரு நச்சை விட்டுவைக்கும், அந்த நச்சு சூட்டுக்கு அழியாது. பாக்டீரியா செத்தாலும் அது விட்டது அப்படியே இருக்கும். வெந்த சாதம், வெண்பொங்கல், லெமன் சாதம் எல்லாமே வெப்பநிலைக் கட்டுப்பாடு வேண்டிய உணவுகள்தான். லெமன் சாதத்தில் புளிப்பு இருக்கிறதே என்று இன்ஸ்பெக்டரிடம் வாதாடிப் பயனில்லை, புளிப்பை அளந்து காட்டினால்தான் பேச்சு. விசேஷங்களில் சூடுபெட்டி இல்லாமல் வைக்க வேண்டியிருந்தால் நான்கு மணி நேரம் வரை வைத்து, அதன் பின் மிஞ்சியதைக் கொட்டிவிடும் முறை ஒன்று ஃபுட் கோடிலேயே இருக்கிறது. ஆனால் எப்போது எடுத்து வைத்தோம், எப்போது கொட்ட வேண்டும் என்பதைப் பாத்திரத்தில் குறிக்க வேண்டும், அந்த முறையை முன்பே எழுதி வைத்திருக்கவும் வேண்டும்.

இட்லி மாவை வெளியே வைத்துப் புளிக்கவைக்கிறோம். அதற்கு என்ன விதி?

தேர்வில் இட்லி மாவு வராது. ஆனால் கடையில் வரும். அரிசியும் உளுந்தும் ஊறவைத்து அரைத்து இரவு முழுக்க அறைச் சூட்டில் விடும் பழக்கம், அதைப் பார்த்தே இராத இன்ஸ்பெக்டருக்கு நேராக ஆபத்து மண்டலமாகத்தான் தெரியும். புளிக்கப் புளிக்க அமிலத்தன்மை கூடி மாவு தன்னைத்தானே காத்துக்கொள்கிறது என்பது உண்மை. அதை நிரூபிக்கச் செய்முறையை நேரம், வெப்பநிலையோடு ஒரு தாளில் எழுதி, புளிப்பை அளக்கும் ஒரு பிஹெச் மீட்டர் வாங்கி, தினமும் அளந்து குறித்து வையுங்கள். புளித்ததும் ஃபிரிட்ஜ். பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே இதைச் சொல்லிவிடுவது நல்லது, சில கவுண்டிகள் எழுத்து மூலமான திட்டம் கேட்கும்.

அலர்ஜி பகுதி எங்களுக்கு அவ்வளவு முக்கியமா? நாங்கள் சைவக் கடை.

சைவக் கடைக்குத்தான் கூடுதலாக முக்கியம். பால், முட்டை, மீன், இறால், நண்டு போன்ற ஓடுள்ள வகை, மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா என்று எட்டாக இருந்த முக்கிய அலர்ஜிப் பொருட்களின் பட்டியலில் ஒன்பதாவதாக எள் சேர்ந்துவிட்டது. 2021-இல் சட்டமாகி 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய புத்தகத்தில் எட்டு என்றே இருக்கும், அதை வைத்துப் படிக்காதீர்கள். எள் என்றால் நல்லெண்ணெயும்தான். இட்லிப் பொடி, புளியோதரை, ஊறுகாய் எல்லாம் அதில் வந்துவிடும்.

பலர் யோசிக்காத ஒன்று பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். "தோசையும் சாம்பாரும் குளூட்டன் இல்லாதது" என்று மெனுவில் போட்டுவிட்டு அந்தப் பெருங்காயத்தைப் போட்டால், கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ள வாடிக்கையாளருக்கு நீங்கள் சொன்னது பொய். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது. பொங்கல் முந்திரி மரக்கொட்டை, நெய் பால், ரவா தோசை கோதுமை, வடை பொரித்த எண்ணெயிலேயே பஜ்ஜியும் சமோசாவும் பொரித்தால் அந்த வடையும் பாதுகாப்பில்லை. தேங்காயை எஃப்டிஏ நெடுநாள் மரக்கொட்டைப் பட்டியலில் வைத்திருந்து, 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில்தான் எடுத்தது. ஆனாலும் தேங்காய் ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு, கேட்டால் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கையால் எடுத்து வைப்பதில் தவறென்ன, நன்றாகக் கழுவுகிறோமே?

அப்படியே சாப்பிடப் போகும் உணவை வெறும் கையால் தொடக் கூடாது என்பது ஃபுட் கோட் விதி. கையுறை, இடுக்கி, கரண்டி எதுவானாலும் சரி. சுட்ட தோசையை மடிப்பதும், கொத்தமல்லி தூவுவதும் இதில் வரும். கையுறை போட்டுவிட்டுப் போனை எடுத்துப் பேசி, அதே கையுறையோடு திரும்பி வருவது வெறும் கையைவிட மோசம்.

ஆள் இல்லை, காய்ச்சலோடு வேலைக்கு வருகிறேன் என்கிறார். அனுமதிக்கலாமா?

வாந்தி, வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, காய்ச்சலோடு தொண்டை வலி, சீழ் பிடித்த புண் ஆகிய ஐந்தையும் ஊழியர் உங்களிடம் சொல்லியாக வேண்டும். வாந்தி, பேதி என்றால் வீட்டுக்கு அனுப்புங்கள், நின்று 24 மணி நேரம் ஆன பிறகே வரலாம். காமாலை என்றால் ஹெல்த் டிபார்ட்மென்ட்டுக்கும் தகவல் போக வேண்டும். தேர்வில் இது நேரடியாக வரும், மதிப்பெண் சுலபம். நடைமுறையில் சம்பளம் போகுமே என்று ஆள் மறைப்பார், அதற்குச் சான்றிதழில் பதில் இல்லை, முதலாளியிடம்தான் இருக்கிறது.

இந்தியாவில் ஃபோஸ்டாக் (FoSTaC) உணவுப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்கிறேன். இங்கே காட்டலாமா?

செல்லாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ நடத்தும் அந்தப் பயிற்சி இந்திய விதிகளுக்கு. படித்தது வீண் போகாது, அடிப்படை ஒன்றுதான், எண்களை மட்டும் இங்கே உள்ளபடி ஃபாரன்ஹீட்டில் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் தாள் இங்கே வேறு.

வீட்டிலேயே சமைத்து டிஃபின் விற்க இந்தச் சான்றிதழ் போதுமா?

சான்றிதழ் வேறு, பெர்மிட் வேறு. பல மாநிலங்களில் வீட்டுத் தயாரிப்புச் சட்டம் முறுக்கு, பொடி, பிஸ்கட் போன்ற கெடாத பொருளுக்குத்தான், சாம்பார் சாதத்துக்கு இல்லை. கலிஃபோர்னியாவில் வீட்டுச் சமையலறையிலிருந்தே சூடான சாப்பாடு விற்கத் தனி பெர்மிட் உண்டு. உங்கள் கவுண்டி அதை ஏற்றிருந்தால் மட்டும், ஒரு நாளைக்கு 30 சாப்பாடு, வாரத்துக்கு 90 என்ற வரம்போடு. அதற்கும் இதே மேனேஜர் தேர்வு தேற வேண்டும். மற்ற இடங்களில் லைசென்ஸ் பெற்ற பொதுச் சமையலறை ஒன்றை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பதுதான் வழி. வாட்ஸ்அப் குழுவில் ஆர்டர் எடுப்பவர்கள் "எல்லோரும்தானே செய்கிறார்கள்" என்பார்கள், யாருக்காவது வாந்தி வந்து புகார் போகும் வரைக்கும் அந்தப் பதில் ஓடும். விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தச் சான்றிதழ் வேலை செய்யும் அனுமதி கிடையாது, அது வேறு கதை.

எத்தனை வருஷம் செல்லும்? வேலை மாறினால்?

பெரும்பாலும் 5 வருஷம், சில இடங்களில் உள்ளூர் விதி குறைவாக வைத்திருக்கும். சான்றிதழ் உங்கள் பெயரில் இருப்பது, கடையின் பெயரில் இல்லை; வேலை மாறினால் உங்களோடு வரும். அதனால்தான் முதலாளிகளுக்குச் சொல்கிறேன், ஒருவரை மட்டும் எழுதவைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், அவர் போகும் நாளில் கடையும் விதிமீறலில் நிற்கும். இரண்டு பேருக்காவது தேர்வுக் கட்டணம் கட்டுங்கள். புதுப்பிக்கக் குறுக்கு வழி பெரும்பாலும் இல்லை, மறுபடி தேர்வு எழுதுவதுதான். காலாவதி தேதிக்கு இரண்டு மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள், வெப்கேம் தேர்வுக்கு நீங்கள் கேட்கும் நேரம் எப்போதும் காலியாக இருக்காது.